சக்கரை இல்லாத ஜாம்

பழவேற்காட்டு ஏரிக்குள்ள இருக்கற பசியாவரம் தீவுல கஸ்தூரி வாய்க்கு எதிர்வாய் கிடையாது. கருவாட்டைக் குடுத்தா கருவாட்டை விப்பா, ஒண்ணுமே இல்லேன்னா ஏரிக்காத்தையாவது பாட்டில்ல அடைச்சு வித்துட்டு வருவா. அப்படிப்பட்டவளுக்கு மகளிர் குழுவுல நாவப்பழ ஜாம் போடக் கத்துக்குடுத்தா சும்மா இருப்பாளா?

ஜாம் நல்லாத்தான் போட்டா, அதுல குத்தம் சொல்றதுக்கு இல்ல. பழத்தை அலசி, கையாலயே பிசைஞ்சு கொட்டையைத் தள்ளுவா. பனவெல்லத்தைத் தனியாக் கரைச்சு, மண்ணு போக வடிகட்டி ஊத்துவா. கெட்டிக்குப் பேரீச்சம்பழத்தை அரைச்சுப் போட்டு, கடைசியா எலுமிச்சம்பழம் புழிவா. தட்டுல ஒரு சொட்டு விட்டா ஓடாம நிக்கணும், அதுவரைக்கும் கரண்டியைக் கீழ வைக்கமாட்டா. வெள்ளைச் சக்கரை ஒரு சிட்டிகை கிடையாது, அது சத்தியமான வார்த்தை. அதனால பொன்னேரியில லேபிள் அடிக்கச் சொல்லி, 'சர்க்கரை இல்லை'ன்னு கொட்டை எழுத்துல போட்டுக்கினா.

அதோட நிறுத்தியிருக்கலாம். அவதான் நிறுத்த மாட்டாளே! "நாவப்பழம் சுகருக்கு மருந்து. சுகர்காரங்களே கண்ணை மூடிக்கினு சாப்புடலாம்"னு கேட்டவங்க, கேக்காதவங்க எல்லார்கிட்டயும் அடிச்சு விட்டா.

அவ புருஷன் ராஜேந்திரனுக்கே சுகர். தெனம் காலையில வயித்துல ஊசி போட்டுக்கிற ஆளு. ஒரு நாளு அவரு சட்டியில விரலை விட்டு வழிக்கப் போனாரு. கரண்டியாலயே கையில ஒரு தட்டு தட்டினா.

"ய்யோவ், இது உனக்கு ஆவாது."

"சுகர்காரங்க சாப்புடலாம்னு ஊருக்கே சொல்றியே?"

"ஊருக்குச் சொன்னா? போய்யா, போயி வலையைப் பாரு."

அவரு சிரிச்சுக்கிட்டே போயிட்டாரு. அவளும் சிரிச்சா. வியாபாரம்னா நாலு வார்த்தை கூடச் சேத்துதான் பேசணும், அதுல இன்னா பாவம்ங்கறது அவ கட்சி.

இது நடந்தது ஆனி மாசம். முகத்துவாரம் மணல் மூடிப் போயி, ஏரித்தண்ணி பல எடத்துல முழங்காலுக்கு எறங்கிடுச்சு. பழவேற்காட்டுக் கடை ஒண்ணுல பாட்டில் கேட்டிருந்தாங்க. விடியறதுக்கு முன்னாடியே கஸ்தூரி எழுந்து அடுத்த சட்டியை ஏத்திட்டா. ரெண்டு அடுப்புலயும் ஜாம். ராஜேந்திரன் ஊசியைப் போட்டுக்கிட்டு சமையக்கட்டுல எட்டிப் பாத்தாரு.

"சாப்புட இன்னா கீது?"

"கையை எடுத்தா அடி புடிச்சிடும்யா. குண்டான்ல கஞ்சி கீது, ஊத்திக் குடியேன்."

"சரி சரி. தண்ணி வத்துறதுக்குள்ள கெளம்பணும். அக்கரைக்குப் போயி துன்னுக்கறேன்."

அவ திரும்பிக்கூடப் பாக்கல. அவரும் பெலிக்ஸும் ஜாம் பொட்டியைத் தூக்கிக்கிட்டுப் படகுக்குப் போனாங்க. பெலிக்ஸு அவரோட ஒரே படகுல தொழிலுக்குப் போறவன், கூடப் பொறக்காத தம்பி மாதிரி. இங்கேர்ந்து அக்கரைக்கு மோட்டார் போட்டா ஒரு பீடி குடிக்கிற நேரம். அந்தத் தைரியத்துலதான் அவரு வெறும் வயித்தோட ஏறினாரு.

வெயில் சுள்ளுன்னு ஏறின நேரத்துல போன் அடிச்சுது. கை பூரா ஊதாச் சாயம், பாவாடையில தொடைச்சுக்கிட்டே எடுத்தா. பெலிக்ஸு.

"இன்னாடா, கடையில குடுத்துட்டீங்களா?"

"எங்க அண்ணி! தண்ணி இல்லேன்னு சுத்திக்கினு போனோம், படகு சேத்துல ஒக்காந்துடுச்சு. நடு ஏரி. காலையிலேர்ந்து கோலு போட்டுத் தள்ளிக்கினு கெடக்கோம்." அவன் குரல் சரியில்ல. "அண்ணி, அண்ணன் ஒரு மாதிரி பண்றாரு."

"ஒரு மாதிரின்னா?"

"தள்ளிக்கினே இருந்தவரு பொத்துனு உக்காந்துட்டாரு. வேர்த்து ஊத்துது. கையெல்லாம் நடுங்குது. இன்னாண்ணே பண்ணுதுன்னு கேட்டா, என்னையே உத்துப் பாத்து, நீ யாருன்றாரு அண்ணி."

"அவரு இன்னா துன்னாரு?"

"ஒண்ணும் துன்னலியே. நான் ஒரு டீ குடிச்சிருந்தேன், அவரு அது கூட இல்ல."

அவ மூலையில பாத்தா. குண்டான் மூடினது மூடினபடி இருந்துச்சு, தொறந்து பாத்தா கஞ்சி அப்படியே ஏடு கட்டிக் கெடக்குது. ஜன்னல்ல ஊசி மருந்து பாட்டில். ஊசி போட்டுட்டு சாப்புடாம இருந்தா சுகர் தடதடன்னு எறங்கிடும், ஏறுறதை விட எறங்குறதுதான் ஆபத்து, வேர்த்து நடுங்கினா உடனே வாயில இனிப்பைப் போடணும்னு ஆஸ்பத்திரி நர்ஸம்மா படிச்சுப் படிச்சுச் சொல்லியிருந்தாங்க. அவரு தலையாட்டிட்டு வந்தாரு, கேட்டுக்கிட்டது கஸ்தூரிதான்.

"பெலிக்ஸு, நல்லா கேளு. அவருக்கு இப்பவே எதுனா இனிப்பு குடு."

"அய்யோ, சுகர் ஏறிப் போன ஆளுக்கு இனிப்பா? இன்னா அண்ணி உளர்றே?"

"ஏறலடா! எறங்கிடுச்சு!"

"எறங்கினா நல்லதுதானே?"

"டேய், எறங்கினா உசுரு போயிடும்டா! படகுல இன்னா கீது?"

"இன்னா கீது, தண்ணி கீது, பீடி கீது. உன் ஜாம் பொட்டி கீது."

"அதை ஒடைச்சு வாயில வை!"

"அதுல எங்க அண்ணி இனிப்பு? உன் ஜாமுலதான் சக்கரையே இல்லியே. லேபிள்லயே போட்டு கீதே."

இந்த எடத்துல அவ பட்டுனு பதில் சொல்லியிருக்கணும். எதுக்கும் பதில் வெச்சிருக்கற வாய் அது. ஆனா, ஊரு முழுக்கச் சொன்ன வார்த்தையை இப்ப எப்படி மாத்திச் சொல்றதுன்னு ஒரே ஒரு மூச்சு தயங்கிட்டா. அந்த மூச்சு நேரத்துல லைன் கட்டாயிடுச்சு.

திரும்பப் போட்டா. ஏரிக்கு நடுவுல போனா போனு ஆந்திரா டவரைப் புடிச்சுக்கும், அது எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான். ஒரு பொம்பளை சாவகாசமாத் தெலுங்குல பேசினா. இன்னொரு தடவை போட்டா. அதே பொம்பளை, அதே சாவகாசம். "அடிப்பாவி, போனைக் குடுடி அவன்கிட்ட!"ன்னு கஸ்தூரி அந்தக் குரல்கிட்டயே கத்தினா.

அடுப்பை அணைக்கல, கதவைச் சாத்தல, கரைக்கு ஓடினா. அங்க கவுத்துப் போட்டிருந்த பழைய படகு மேல ஏறினா கொஞ்சம் சிக்னல் வரும். வலை பிரிச்சிக்கிட்டு இருந்த பக்கத்து வீட்டு ரஞ்சித்து, "இன்னா அக்கா?"ன்னு எழுந்து வந்தான். "உன் படகை எறக்கு. அண்ணன் செத்துடுவாருடா"ன்னா. சொன்ன வார்த்தையைக் கேட்டு அவளுக்கே தூக்கி வாரிப் போட்டுது. ரஞ்சித்து படகுக்கு ஓடினான்.

படகு முதுகுல நின்னுக்கிட்டுப் போட்டுக்கிட்டே இருந்தா. கண்ணுக்கு எட்டின தூரத்துல தண்ணி வெயில்ல பளபளன்னு கெடக்குது, அதுல எந்தப் புள்ளி அவரு படகுன்னு தெரியல. கங்கம்மா, என் தாலியைக் காப்பாத்துன்னு வேண்டினா. வேண்டும்போதே, நான் வெச்ச கஞ்சியை ஊத்திக் குடுக்க எனக்கு இன்னா கேடுன்னு தன்னையே திட்டிக்கிட்டா.

லைன் கெடச்சுது. கரகரன்னு இரைச்சல்.

"பெலிக்ஸு! அதுல சக்கரை இல்லைன்னு போட்டது பொய்டா!"

"கேக்கல அண்ணி... சக்கரை இல்லியா?... அதான் நானும் சொல்றேன்!"

"இல்லடா! பொய்! சக்கரை இருக்கற மாதிரிதான்!"

"சக்கரை... இல்ல... ஆமா அண்ணி. கண்ணு சொருகுது அண்ணி, மாதாவே, நான் இன்னா பண்ணுவேன்! தண்ணி தெளிச்சாக்கூட முழிக்க மாட்டேன்றாரு!"

அவன் அழ ஆரம்பிச்சுட்டான். எப்படிச் சொன்னாலும் அங்க போயி விழுறது கஸ்தூரி சொல்லிச் சொல்லித் தேய்ச்ச வார்த்தைதான். சக்கரைன்னு சொன்னா அவன் காதுல இல்லைன்னு விழுது. அப்படி ஊட்டி வளத்திருக்கா ஊரை. இனிமே அந்த வார்த்தையையே எடுக்கக் கூடாதுன்னு பல்லைக் கடிச்சா.

"பெலிக்ஸு! ஒரு பாட்டிலைத் தொற!"

"இன்னா?"

"பாட்டில்! தொற! விரலை விடு! நக்கு!"

"அவருக்கா?"

"நீ நக்குடா! நீ! உன் வாயில வெச்சுப் பாத்துட்டு அப்புறம் பேசு!"

ஒண்ணும் சத்தம் வரல. காத்து மட்டும் உஸ்ஸுன்னுச்சு. லைன் போச்சோ, அவரு போயிட்டாரோ. போனைக் காதுல அழுத்தின அழுத்துல காது வலிச்சுது.

"அண்ணி." இந்தத் தடவை அவன் குரல் வேற மாதிரி வந்துச்சு. "இன்னா அண்ணி இது... வெல்லப்பாகு கணக்கா கீது."

"ஆமாண்டா! அதான்! அதைத்தான் அவரு வாயில வை! ஒருச்சாய்ச்சுப் படுக்க வை. கடவாயில, கன்னத்துக்கு உள்பக்கம் தடவு. கொஞ்சூண்டு கொஞ்சூண்டா. மொத்தமாத் திணிச்சே, மூச்சு அடைச்சுக்கும்!"

"தடவுறேன்... தடவுறேன் அண்ணி... பல்லைக் கடிச்சுக்கினு கீறாரு..."

"வெளியில இருந்தே ஈறுல தேய்! விடாதே! பெலிக்ஸு? டேய் பெலிக்ஸு!"

தெலுங்குப் பொம்பளை வந்துட்டா.

ரஞ்சித்து படகு சின்ன ஃபைபர் படகு, தண்ணி குறைஞ்சாலும் ஓடும். கஸ்தூரி வீட்டுக்கு ஓடிக் கஞ்சிக் குண்டானைத் தூக்கிக்கிட்டு வந்து ஏறினா. வீட்டுக்குள்ள ஜாம் தீஞ்சு ஒரே பொகை, பக்கத்து வீட்டுக்காரிங்க கத்திக்கிட்டே அடுப்பை அணைக்க ஓடினாங்க. பத்தி எரியட்டும்னு விட்டுட்டு வந்துட்டா.

படகு போகுது போகுது, போய்ச் சேர மாட்டேங்குது. ரெண்டு எடத்துல தரை தட்டுச்சு. ரஞ்சித்து எறங்கறதுக்குள்ள இவ எறங்கி, தொடை வரைக்கும் சேத்துல நின்னு தள்ளினா. சின்ன வயசுல இதே தண்ணியில உக்காந்து கையால இறால் தடவினவதான், எங்க கால் வெச்சா புதையும்னு தெரியும். ஆனா இன்னிக்கு அதெல்லாம் பாக்கல, கெடச்ச எடத்துல காலை வெச்சா.

"அக்கா, அதோ!"ன்னான் ரஞ்சித்து.

படகு தெரிஞ்சுது. பெலிக்ஸு குந்திக்கிட்டு இருக்கான். அவன் மடியில தலை. கிட்ட நெருங்க நெருங்க அந்த மூஞ்சி தெரிஞ்சுது. ஒதடு நீலம் பாரிச்சு, மோவாய் வரைக்கும் கருநீலமா இருந்துச்சு. கஸ்தூரி, ஏரியில முழுகிச் செத்தவங்களைத் தூக்கிப் போட்டுப் பாத்திருக்கா. இப்படித்தான் இருக்கும்.

"போயிட்டியாய்யா"ன்னு ஒரு அலறல் அலறினா. ரஞ்சித்து கோலைப் போட்டுட்டு அவளைப் புடிச்சுக்கிட்டான், இல்லேன்னா தண்ணியில விழுந்திருப்பா.

அந்தக் கருநீல வாய் மெதுவா தொறந்து, நாக்கை நீட்டி ஒதட்டை நக்குச்சு.

"ஏண்டி கத்தறே"ன்னு கேட்டாரு ராஜேந்திரன். குரல் கெணத்துக்குள்ளேர்ந்து வர்ற மாதிரி இருந்துச்சு. "வாயெல்லாம் பிசுபிசுன்னுது. இன்னா தடவுனான் இவன்?"

கஸ்தூரி படகு மாறித் தாவி, அவரு தலையை வாரி மாரோட அணைச்சுக்கிட்டா. நாவப்பழச் சாயம் அவ ஜாக்கெட்டெல்லாம் ஒட்டிக்கிச்சு. அவருக்குக் கஞ்சியைக் கரைச்சு வாய்வாயா ஊத்தினா. அவசரத்துல பாதிக் கஞ்சி அவரு கழுத்துல வழிஞ்சுது. கொஞ்ச நேரத்துல அவருக்குக் கண்ணு தெளிஞ்சுது, பெலிக்ஸைப் பேரு சொல்லிக் கூப்பிட்டாரு. "பாவி, இம்புட்டு ருசியா வெச்சுக்கினு எனக்கு ஒரு வாய் குடுக்கலியேடி"ன்னு அவளை ஏசினாரு. ரஞ்சித்து சிரிச்சான். கஸ்தூரியும் சிரிச்சா.

பெலிக்ஸு சிரிக்கல. பாதி காலியான பாட்டிலைக் கையில வெச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டு இருந்தான்.

"அண்ணி, இது இவ்ளோ இனிப்புனு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"ஏண்டா?"

"சாந்திக்கு சுகருன்னு சொல்லிட்டாங்க அண்ணி. ஏழாம் மாசம் டெஸ்ட் எடுத்தப்ப. சக்கரை பக்கமே போவக் கூடாது, கொழந்தைக்கு ஆவாதுன்னாங்க. வாய் கேக்காம அழுதுக்கினு கெடந்தா. அப்பதான் உன்கிட்ட வந்து, சுகர்காரங்க சாப்புடலாமானு கேட்டேன். தைரியமா சாப்புடச் சொல்லுன்னு நீதானே பாட்டிலை எடுத்துக் குடுத்தே? காலையில ராத்திரி ரெண்டு வேளையும் துன்றா. அவ பங்காச்சேன்னு நான் ஒரு நாளு தொட்டுக்கூடப் பாக்கல."

கேட்டான்தான். சட்டியில கிண்டிக்கிட்டு இருந்த நேரம். யாருக்குடான்னு ஒரு வார்த்தை திருப்பிக் கேக்கல அவ. வாய்ல எப்பவும் இருக்கற பாட்டைப் பாடிட்டு, பாட்டிலை நீட்டிட்டா. பெலிக்ஸு பொண்டாட்டி சாந்தி, கஸ்தூரி கையால சடை பின்னிவிட்ட பொண்ணு. இப்ப அம்மா வீட்டுல, பழவேற்காட்டுல, பிள்ளைப்பேறுக்காக உக்காந்திருக்கா.

"கொழந்தைக்கு ஒண்ணும் ஆவாதுல்ல அண்ணி?"

புருஷன் தலை அவ மடியில சூடா இருந்துச்சு. ஒண்ணும் ஆவாதுடான்னு சொல்ல வாய் வந்துச்சு. அந்த வாயைத்தான் இப்ப அவ நம்பல.

"தெரியல பெலிக்ஸு. எனக்கு ஒண்ணுமே தெரியல. நான் தெரியாமத்தான் சொன்னேன். அவளைப் படகுத்துறைக்கு வரச் சொல்லு. ஆட்டோ புடிச்சு வெக்கச் சொல்லு. இவரோட சேத்து அவளையும் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போயிடலாம்."

அவன் போனை எடுத்தான். திட்டியிருந்தாக்கூட அவளுக்குத் தேவலையா இருந்திருக்கும்.

ரஞ்சித்து படகுலயே எல்லாரும் அக்கரை சேந்தாங்க. படகுத்துறையில ஆட்டோ நின்னுச்சு. சாந்தி வயித்தைத் தாங்கிக்கிட்டு இறங்கி நின்னா. "அண்ணனுக்கு இப்ப எப்படிக்கா கீது? இவரு ஒண்ணுமே சரியாச் சொல்லல. என்னை எதுக்கு ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னாரு?"

ஆம்பளைங்க ரெண்டு பேரும் ராஜேந்திரனைத் தூக்கி ஆட்டோவுல ஏத்தினாங்க. கஸ்தூரி சாந்தி கையைப் புடிச்சா.

"நான் குடுத்த ஜாமை நீ துன்னக் கூடாதும்மா. அது பூரா இனிப்பு. நான் பொய் சொல்லிட்டேன்."

சாந்தி சிரிச்சுட்டா. "அதுல நீ பனவெல்லம் போட்டிருக்கறது எனக்குத் தெரியாதாக்கா? வாசனையே காட்டிக் குடுக்குது. வெல்லம்தானே? டாக்டரம்மா சக்கரைதான் சேக்கக் கூடாதுன்னாங்க."

"ரெண்டும் ஒண்ணுதான்டி"ன்னா கஸ்தூரி.

சாந்தி சிரிப்பு மெல்ல நின்னுச்சு. புருஷன் மூஞ்சியைப் பாத்தா. அவன் டிரைவர் பக்கம் போயி உக்காந்துக்கிட்டான். அவளும் உள்ள ஏறினா.

ஆட்டோ கெளம்புச்சு. ராஜேந்திரன் ஒரு பக்கம் தோள்ல சாஞ்சு கண்ணை மூடிக்கிட்டாரு. தூங்கினாலும் பயம், அவரை உசுப்பி உசுப்பி, என் பேரு இன்னா, என் பேரு இன்னானு கேட்டுக்கிட்டே வந்தா. அவரு கடுப்பாயி, "கஸ்தூரிடி, போதுமா"ன்னாரு. இன்னொரு கை சாந்தி வயித்து மேல.

"இன்னிக்கு அசைஞ்சுதா?"

"நான் கவனிக்கலக்கா. காலையிலேர்ந்து ஒண்ணும் தெரியல. தூங்குதோ இன்னாவோ."

கஸ்தூரி கையை இன்னும் கொஞ்சம் அழுத்தி வெச்சா. ரோடு குண்டும் குழியுமா தூக்கித் தூக்கிப் போட்டுது. ஒவ்வொரு குலுக்கலுக்கும், இது புள்ளையா ரோடா, இது புள்ளையா ரோடான்னு கையையே பாத்துக்கிட்டு வந்தா. உப்பு காத்து போயி, நெல்லு வயக் காத்து வந்துச்சு. பஸ்ஸு ஒண்ணு ஹாரன் அடிச்சுக்கிட்டு ஒரசினாப்பல போச்சு. சாந்தியும் இப்ப கண்ணை மூடி உதட்டை முணுமுணுத்துக்கிட்டு இருந்தா, அவ மாதாகிட்ட கேக்கறா போல. பெலிக்ஸு முன்னாடி உக்காந்து ஒரு தடவை கூடத் திரும்பிப் பாக்கல.

திருப்பாலைவனம் தாண்டி, ஆட்டோ ஒரு நிமிஷம் நின்ன எடத்துல, கைக்கு அடியில ஒரு ஒதை விழுந்துச்சு. சுள்ளுனு, சின்னக் குதிகாலால விட்ட ஒதை. அப்புறம் இன்னொண்ணு.

"அக்கா"ன்னா சாந்தி.

"ம்"முன்னா கஸ்தூரி. புருஷனை மடியில போட்டுக்கிட்டப்ப அழாதவ, அப்பதான் ஓன்னு அழுதா. ஆஸ்பத்திரி வர்ற வரைக்கும் அந்தக் கையை எடுக்கல.